ஹாலுக்கு எந்தக் கலர் ஸ்கிரீன்? சோபாவைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: சென்னையில் புதிதாகக் குடிவந்த ஃபிளாட். ஹால் சுவர் க்ரீம், தரை ஐவரி டைல்ஸ், சோபா காப்பிப் பழுப்பு. பால்கனிக் கதவு 6 அடி அகலம், மேற்கு பார்த்தது. ஸ்கிரீன் துணியைச் சோபாவுக்கு மேட்சாக எடுப்பதா, சுவருக்கு மேட்சாக எடுப்பதா? மாமியாருக்கு மெரூன் பிடித்திருக்கிறது, கேட்டவருக்கு வெள்ளை. படுக்கையறைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறார்.

ஃபர்னிஷிங் துணியோடு பல வருடமாகப் புழங்குகிறவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். சோபாவுக்கும் வேண்டாம், சுவருக்கும் வேண்டாம், முதலில் அந்த மேற்கு வெயிலுக்குப் பொருந்துகிற கலரைத் தேடுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ஸ்கிரீனை இன்னொரு சாமான் மாதிரி நினைத்துக் கலர் எடுப்பதால்தான் பல வீடுகளில் கடையில் அவ்வளவு அழகாக இருந்த துணி வீட்டில் மாட்டியதும் வேறு துணி போலத் தெரிகிறது. சோபாவின் மேல் வெளிச்சம் விழுந்து, பட்டுத் திரும்பி, நம் கண்ணுக்கு வருகிறது. சுவரும் அப்படியே. ஸ்கிரீன் மட்டும் பகல் முழுக்க வெளிச்சத்துக்கு முன்னால் தொங்குகிறது, வெளிச்சம் துணியின் ஊடாக வருகிறது, வரும்போது துணியின் கலரையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்து சுவர், தரை, நம் முகம் எல்லாவற்றின் மேலும் பூசிவிடுகிறது. அதனால் ஸ்கிரீன் கலரைத் தேர்ந்தெடுப்பது என்றால் பாதி நாளுக்கு அந்த அறையின் வெளிச்சத்துக்கே கலர் தேர்ந்தெடுப்பது என்று அர்த்தம்.

கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேலே வரிசையாக விளக்கு, துணி மேஜைமேல் விரித்திருக்கிறது, அல்லது கேட்லாக்கில் ஒரு சாண் அகலத் துண்டாக ஒட்டியிருக்கிறது. நீங்கள் பார்ப்பது துணியின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் கலர். அதே துணியைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்த் தெருவெளிச்சத்துக்கு எதிரே ஒற்றையாகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஆள் மாறியிருக்கும். அடர்ந்த காப்பிப் பழுப்பு என்று நினைத்தது செங்கல் கலராக ஒளிரும், சாம்பல் என்று நினைத்தது கொஞ்சம் ஊதா காட்டும், அடர் பச்சை இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தது போல மஞ்சள் கலந்த பச்சையாகும். நல்ல கடைக்காரர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார், கூச்சப்படாமல் கேளுங்கள். அதைவிட நல்லது, பிடித்த இரண்டு மூன்று துணியில் அரை மீட்டர் வெட்டி வாங்கிவந்து, உங்கள் பால்கனிக் கதவிலேயே கிளிப் போட்டு மாட்டி, காலை, மதியம் 3 மணி, விளக்கு போட்ட பின் என்று மூன்று வேளையும் பார்ப்பது. பத்து மீட்டருக்கு மேல் வாங்கப் போகிற இடத்தில் அரை மீட்டர் பெரிய செலவே இல்லை.

இப்போது உங்கள் மேற்கு வெயில். மதியத்துக்கு மேல் அது நேரே உள்ளே பாயும், மாலையாக ஆக மஞ்சள், ஆரஞ்சு என்று சூடேறும். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் மெரூனோ சிவப்போ ஆரஞ்சோ லைனிங் இல்லாமல் தொங்கினால், மாலை நாலு மணிக்கு உங்கள் க்ரீம் சுவர் இளஞ்சிவப்பாகவும் ஐவரி தரை செம்மண் படிந்தது போலவும் தெரியும், அறைக்குள் அடுப்பு எரிகிற உணர்வு வரும். மாமியாருக்குப் பிடித்த மெரூன் மோசமான கலர் என்று சொல்லவில்லை, அரக்குக்கு இணையான கம்பீரம் வேறு எதற்கு இருக்கிறது! ஆனால் அதன் இடம் மேற்கு ஜன்னல் கிடையாது. பூஜை அறை வாசலுக்கு ஜரிகை பார்டர் வைத்த மெரூன் போடுங்கள், அங்கே பின்னாலிருந்து வெயில் அடிக்காது, விளக்கின் மஞ்சள் ஒளி முன்னாலிருந்து விழும், அந்த இடத்தில் அரக்கைத் தவிர வேறு எதுவும் அத்தனை அழகாக இருக்காது. ஹாலில் குஷன் உறைகளிலும் கொண்டுவரலாம்.

உங்களுக்குப் பிடித்த வெள்ளைக்கு வருவோம். தூய வெள்ளை, அதாவது நீலச் சாயல் அடிக்கிற பளீர் வெள்ளையை, க்ரீம் சுவரின் பக்கத்தில் தொங்கவிட்டால் சுவர் அழுக்காகத் தெரியும். போன மாதம் அடித்த பெயிண்ட் கூடப் பழசாகத் தெரியும். பக்கத்தில் இருக்கிற கலர் ஒன்றையொன்று எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824-ல் சாயப்பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல், வேதியியல் அறிஞர். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டப் பயன்படுத்துகிற கறுப்பு நூலில் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் லண்டன், வியன்னா நூல்களோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படி வெளிறச் செய்தன. இதை வைத்து ஆராய்ந்து அவர் 1839-ல் வெளியிட்ட முடிவுகள்தான் இன்றுவரை கலர் சேர்ப்பவர்களுக்கு அடிப்படை. ஆகவே சுவர் சரியில்லை, பெயிண்டர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் பக்கத்தில் என்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைதான் வேண்டுமென்றால் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையாக எடுங்கள், பால் கலர், சந்தனத்தில் லேசானது, அல்லது வெளுக்காத காடா கலர். இவை க்ரீம் சுவரோடு சண்டை போடாது.

என்னைக் கேட்டால் உங்கள் பால்கனிக் கதவுக்கு இரண்டு அடுக்கு போடுவேன். கதவை ஒட்டி உள்பக்கமாக ஷியர், அதாவது வெளிச்சம் ஊடே வருகிற மெல்லிய துணி, பால் கலரில். அதற்கு முன்னால் கனமான துணி, ஆலிவ் பச்சை அல்லது கொஞ்சம் சாம்பல் கலந்த நீலப்பச்சை, பின்னால் வெள்ளை லைனிங் வைத்துத் தைத்தது. காலையில் முன்துணியை ஒதுக்கிவிட்டு ஷியர் மட்டும், மதியம் 2 மணிக்கு மேல் முன்துணியை இழுத்துவிடுவது, வெயில் இறங்கியபின் மறுபடி ஷியர். ஏன் பச்சை என்றால், வெயிலின் சூட்டுக் கலரைக் கண்ணுக்குக் கொஞ்சம் தணித்துக் காட்டும், பழுப்புச் சோபாவுக்கும் பொருந்தும், மரப்பட்டைக்கு இலை பொருந்துவது போல. லைனிங் இருப்பதால் பச்சை வெளிச்சம் அறைக்குள் அதிகம் கசியாது. இது முக்கியம், ஏனென்றால் லைனிங் இல்லாத பச்சைத் துணி வழியே வரும் வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் காய்ச்சல்காரர் முகம் மாதிரி வெளுத்துத் தெரியும். மருத்துவமனைத் தடுப்பு ஞாபகம் வரும்.

லைனிங்கைப் பற்றி நிறையப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள், தையல்கூலி கூடுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் மேற்கு ஜன்னலுக்கும் தெற்கு ஜன்னலுக்கும் அதில் மட்டும் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். கண்ணாடிப் பக்கம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகிறது, அடர்கலராக இருந்தால் துணியே வெயிலைக் குடித்து அறைக்குள் சூட்டை விடுகிறது. நடுத்தரக் கலர் கொண்ட, பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சு உள்ள திரைகள் ஜன்னல்வழி வரும் வெப்பத்தை 33 சதவீதம் வரை குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஏ.சி. ஓடும் அறைக்கு இது சின்ன விஷயம் இல்லை. லைனிங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. வெயில் நேரே படாததால் முன்துணியின் சாயம் சீக்கிரம் போகாது.

வெளிச்சத்தை அடைக்கிற துணி, பிளாக்அவுட் என்று விற்பதில் முக்கியமாக இரண்டு வகை இருக்கிறது, பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. நெய்யும்போதே நடுவில் கறுப்பு நூல் ஓட்டிய மூன்றடுக்குத் துணி ஒன்று, இது மடிப்பு அழகாக விழும், முக்கால்வாசிக்கு மேல் இருட்டாக்கும், ஆனால் மேற்கு வெயிலில் கொஞ்சம் கசியும். பின்பக்கம் பூச்சு கொடுத்தது இன்னொன்று, முழு இருட்டு கிடைக்கும், ஆனால் துணி விறைப்பாக நிற்கும், அடிக்கடி துவைத்தால் பூச்சு விரிசல் விடும். ஹாலுக்கு முதல் வகையே போதும். நடுவில் கறுப்பு நூல் இருப்பதால் முன்பக்கக் கலர் எப்போதும் ஒரு படி மங்கலாகத் தெரியும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, நீங்கள் நினைத்ததைவிட ஒரு ஷேடு வெளிச்சமானதாக எடுங்கள்.

மற்ற திசைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற எல்லோருக்கும் மேற்கு ஜன்னலாகவா இருக்கப்போகிறது. கிழக்கு ஜன்னலில் வெயில் காலையோடு போய்விடும், பகல் முழுக்கக் கொஞ்சம் நிழலாக இருக்கும், அதனால் அங்கே மாம்பழ மஞ்சள், காவி, வெங்காயச் சருகு கலர் எல்லாம் தைரியமாகப் போடலாம், காலை வெளிச்சத்தில் அவை அறையையே எழுப்பிவிடும். வடக்கு ஜன்னலில் வருவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம், கொஞ்சம் நீலச்சாயல் உள்ளது, சீரானது. அங்கே சாம்பலும் நீலமும் போட்டால் அறை மேலும் குளிர்ந்து சோகமாகிவிடும், சூடான கலர்களே சரி. ஆனால் வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று வெளிநாட்டு வீட்டலங்காரக் குறிப்புகளில் படித்துவிட்டு நம்பிவிடாதீர்கள், அது அவர்கள் ஊர்க் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே இருக்கிறது, அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் சாய்வாக எட்டிப்பார்க்கும். தெற்கு ஜன்னலுக்கு அப்படியே மறுபக்கம், மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் உள்ளே நீளமாக வரும், அப்போது அது நமக்குச் சுகமாகவே இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் வானம் மூடியிருக்கும்போது அடர் கலர் ஸ்கிரீன் போட்ட ஹால் பகலிலேயே விளக்கு கேட்கும். இரண்டு அடுக்கு போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், மழைநாளில் ஷியர் மட்டும் போதும்.

சரி, பகல் முடிந்தது, இரவுக்கு வருவோம். இரவில் ஸ்கிரீனும் சோபா மாதிரி ஆகிவிடுகிறது, பின்னாலிருந்து வெளிச்சம் இல்லை, அறை விளக்குதான் அதன் மேல் விழுகிறது. அதனால் எந்த விளக்கு என்பது பெரிய கேள்வி. எல்.இ.டி. வாங்கிய பெட்டியைப் பாருங்கள், 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நம் வீடுகளில் சாதாரணமாக எரியும் வெள்ளை விளக்கு, 3000 அல்லது 2700 என்றால் மஞ்சள், 4000 இரண்டுக்கும் நடு. 6500-ல் சந்தனக் கலர் துணி வெளுத்துப்போகும், கடுகு மஞ்சள் லேசாகப் பச்சையடிக்கும், மெரூன் கறுத்துப்போகும், நீலமும் சாம்பலும் நன்றாகத் தெரியும். 3000-ல் நேர்மாறு, செங்கல் கலரும் சந்தனமும் பூத்துவிடும், நீலம் சாம்பலாகும், மயில்கழுத்துக் கலரின் பளபளப்பு குறையும். உங்கள் சோபாவும் சுவரும் சூடான கலர் என்பதால் ஹாலில் ஒரு விளக்கையாவது 4000-க்கு மாற்றச் சொல்வேன், ஸ்கிரீன் வாங்கும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை, ஆனால் மொத்த அறையும் மாறிவிடும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த ஸ்கிரீன் துணியும் குஷன் துணியும் வீட்டு விளக்கில் வெவ்வேறாகத் தெரிவதும் இதனால்தான், இரண்டிலும் சாயம் வேறு என்றால் ஒரு விளக்கில் ஒத்துப்போவது இன்னொரு விளக்கில் ஒத்துப்போகாது.

இதெல்லாம் பார்த்து முடித்தபின்தான் சுவர், தரை, சோபா. இங்கே நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை, புடவைக் கடையில் செய்வதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். சுவரும் தரையும் புடவையின் உடல், ஸ்கிரீன் பார்டர், குஷனும் சின்னச் சாமான்களும் பிளவுஸ். உடலோடு முழுக்க ஒரே கலரில் பார்டர் வந்தால் அமைதியாக இருக்கும், எதிர்க்கலரில் வந்தால் பளிச்சென்று இருக்கும், இரண்டும் அழகுதான். ஆனால் உடலும் பார்டரும் ஏறக்குறைய ஒரே கலராகவும் கொஞ்சம் தப்பியும் இருந்தால் பார்க்கச் சகிக்காது. ஸ்கிரீனில் அதிகம் நடக்கும் தவறும் அதே. க்ரீம் சுவருக்கு மேட்ச் என்று தேடித்தேடி எடுத்த துணி ஒரு இம்மி ரோஸ் பக்கம் சாய்ந்திருக்கும், சுவர் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும், இரண்டும் பக்கத்தில் வந்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும், என்ன என்று சொல்லத் தெரியாது. சுவரோடு சேர்த்து எடுப்பதானால் அதே குடும்பத்தில் தெளிவாக இரண்டு மூன்று ஷேடு அடர்த்தியாக எடுங்கள். சோபாவுக்கும் அதே விதி. அதே காப்பிப் பழுப்பை ஸ்கிரீனுக்குத் தேடாதீர்கள், கிடைக்காது, கிடைத்தாலும் சோபா தேயத் தேய, ஸ்கிரீன் வெளுக்க வெளுக்க, இரண்டும் வேறு வேறு வேகத்தில் மாறும்.

தரையை யாரும் யோசிப்பதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். ஹாலில் மிகப்பெரிய ஒற்றைக் கலர் பரப்பு பெரும்பாலும் அதுதான், ஸ்கிரீனின் கீழ்விளிம்பு அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஐவரி டைல்ஸ் பளபளப்பாக இருந்தால் ஸ்கிரீன் கலரைத் தரையிலும் பிரதிபலித்துக் காட்டும், அதனால் கலர் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தெரியும். பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரையாக இருந்தால் மெரூனைத் தவிர்த்துவிட்டு வெளுத்த பருத்தி, அவுரி நீலம், இலைப்பச்சை என்று போகலாம். ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட வீட்டில் தரையே இவ்வளவு பேசும்போது ஸ்கிரீன் ஒரே கலரில் அமைதியாக இருக்கட்டும், டைல்ஸில் இருக்கிற ஏதாவது ஒரு கலரின் வெளிறிய ஷேடாக இருந்தால் போதும். தேக்குக் கதவு, தேக்கு ஜன்னல் உள்ள வீடுகளில் மரத்தின் ஆரஞ்சுச் சாயலுக்கு நீலமும் நீலப்பச்சையும் பிரமாதமாக எடுபடும், பழுப்பு ஸ்கிரீன் மரத்தை மங்கலாக்கிவிடும்.

டிசைன் போட்ட துணி எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் அந்த ஆசை நிச்சயம் வரும். கேட்லாக்கில் விரித்துக் காட்டுகிற பெரிய பூவை வீட்டில் நீங்கள் ஒருநாளும் முழுதாகப் பார்க்கப்போவதில்லை, ஏனென்றால் ஸ்கிரீன் மடிப்பு மடிப்பாகத் தொங்கும், பாதிப் பூ மடிப்புக்குள் போய்விடும். துணியைக் கையில் கொசுவிப் பிடித்து, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், அப்போது தெரிவதுதான் உண்மையான டிசைன். கொசுவும்போது கலரும் அடர்த்தியாகும், மடிப்புக்குள் நிழல் விழுவதால். சோபா ஒற்றைக் கலர் என்றால் ஸ்கிரீனில் டிசைன் இருக்கலாம், சோபாவிலோ கார்ப்பெட்டிலோ ஏற்கெனவே டிசைன் இருந்தால் ஸ்கிரீன் ஒற்றைக் கலரில் இருக்கட்டும். உங்களுக்கு இன்னும் கார்ப்பெட் வாங்கவில்லை என்றால் பவானி ஜமக்காளம் ஒன்று ஹாலில் போட்டுப் பாருங்கள், அந்தப் பட்டைகளில் இருந்து ஒரு கலரைக் குஷனுக்கு எடுத்தால் ஆலிவ் ஸ்கிரீனோடு அருமையாகச் சேரும். பெரிய டிசைன் எடுத்தால் ஒவ்வொரு பீஸிலும் பூ ஒரே உயரத்தில் வர வேண்டும், அதற்குத் துணி வீணாகும், அளவு எடுக்க வருகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு பற்றிச் சொல்லாமல் கலரைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை. எவ்வளவு நல்ல கலரும் துணி குறைந்தால் செத்துப்போகும், மடிப்பு இல்லாமல் வேட்டி காயப்போட்டது மாதிரி விறைத்து நிற்கும், வெயிலில் எல்லாம் ஊடுருவித் தெரியும், கலர் வெளிறும். உங்கள் கதவு 72 அங்குலம். ராட் இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் ஒதுக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காது, ஆக 84 அங்குலம். மடிப்பு அழகாக விழ அதற்கு இரண்டு மடங்கு துணி வேண்டும், 168 அங்குலம். துணி அகலம் 48 என்றால் மூன்றரை பீஸ் வருகிறது, நாலாக எடுங்கள். மூன்று போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ராட்டைக் கதவு நிலைக்கு மேல் 6 அங்குலமாவது ஏற்றி வையுங்கள், கூரை உயரமாகத் தெரியும், ஸ்கிரீன் தரையில் இருந்து அரை அங்குலம் மேலே நிற்கட்டும். ரெடிமேட் வாங்கினால் 5, 7, 9 அடி என்றுதான் வரும், 7 அடிக் கதவுக்கு 7 அடி ஸ்கிரீனை உயர்த்தி மாட்டினால் கீழே கணுக்கால் தெரியும், ஆகவே 9 வாங்கிக் கீழே மடித்துத் தைப்பதே மேல்.

படுக்கையறைக்குக் கணக்கு வேறு. அங்கே அலங்காரத்தைவிடத் தூக்கம் பெரிது, பிளாக்அவுட் தாராளமாகப் போடலாம், வெளிச்சம் ஊடே வராததால் கலரைப் பற்றி நான் மேலே சொன்ன பயமெல்லாம் குறைந்துவிடுகிறது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் மெரூனும்தான் முதலில் கறுக்கும், நீலமும் பச்சையும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும், நம் கண்ணின் அமைப்பே அப்படி. இரவு விளக்கில் மெரூன் ஸ்கிரீன் கறுப்புச் சுவர் மாதிரி நிற்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற அறையில் அது வேண்டாம். சாம்பல் கலந்த நீலம், வெளிறிய பச்சை, பாக்குக் கலர் இவற்றில் ஒன்றை எடுத்து, பெட்ஷீட்டைச் சென்னிமலைக் கைத்தறியில் கட்டம் போட்டதாகப் போட்டால் அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அடுப்படி ஜன்னலுக்கு எண்ணெய்ப்பிசுக்கு ஏறும், வெந்நீரில் அலசிப்போட முடிகிற பருத்தி, நடுத்தரக் கலர், பாதி ஜன்னல் அளவு போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், சுவர் ரோஸோ கிளிப்பச்சையோ எதுவானாலும் மாற்ற முடியாதவர்கள், காடாத் துணியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் நெய்து குவிகிற வெளுக்காத பருத்தி அது. பருத்திக்கொட்டைத் தோலின் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் துணியிலேயே இருக்கும், அதுவே ஒரு அழகு, எந்தச் சுவர்க் கலரோடும் மோதாது, வெளிச்சத்தை மென்மையாக உள்ளே விடும், வீடு மாறினாலும் கூடவே வரும். ஒன்று மட்டும், தைப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் துவையலில் சுருங்கி ஜன்னலுக்கு எட்டாமல் போகும்.

பழைய பருத்திப் புடவையில் ஸ்கிரீன் தைப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆறு கெஜப் புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், அகலம் 45 அங்குலத்தை ஒட்டி வரும். 7 அடிக் கதவுக்கு இரண்டு பீஸ் தைத்து, மேலும் கீழும் மடித்துத் தைத்ததுபோக, கட்டுகிற பட்டைக்கும் துணி மிஞ்சும். பார்டர் நீளவாக்கில் ஓடுவதால் ஸ்கிரீனின் இரு ஓரத்திலும் மேலிருந்து கீழாகத் தானாக வந்து நிற்கும், எந்த ஃபர்னிஷிங் துணியிலும் இந்த அழகு கிடைக்காது. செட்டிநாட்டுக் கண்டாங்கிக் கட்டம், மதுரைச் சுங்குடிப் புள்ளி எல்லாம் வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டிய துணிகள். ஆனால் நேர்வெயில் படும் ஜன்னலில் லைனிங் இல்லாமல் மாட்டாதீர்கள், பட்டுப் புடவையை எந்த ஜன்னலிலும் மாட்டவே வேண்டாம், வெயிலில் பட்டு இற்றுப்போகும்.

சாயம் போவது பற்றி. பூச்சு, லைனிங் எது இருந்தாலும் மேற்கு வெயில் கொஞ்சம் தின்னத்தான் செய்யும், அதுவும் சீராகத் தின்னாது, மடிப்பின் முகடும் கதவோரத்து விளிம்பும் முதலில் வெளுக்கும், உள்மடிப்பு அப்படியே இருக்கும், ஆறேழு மாதத்தில் கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும் துணிகள் உண்டு. அடர் கலரில் இது அப்பட்டமாகத் தெரியும், வெளிறிய கலரில் அவ்வளவாகத் தெரியாது. வெயிலில் சாயம் நிற்பதற்கு 1 முதல் 8 வரை ஒரு அளவுகோல் இருக்கிறது, பெரிய கேட்லாக்குகளின் பின்னால் போட்டிருப்பார்கள், ஸ்கிரீனுக்கு 5-க்குக் கீழே இருந்தால் நான் எடுக்கமாட்டேன். மெயின்ரோடு வீடென்றால் தூசியையும் பார்க்க வேண்டும், பால் கலர் ஷியர் மாதம் ஒருமுறையாவது துவைக்கவேண்டி வரும், ஆனால் பாலியஸ்டர் ஷியர் மிஷினில் போட்டு ஈரத்தோடு ராட்டில் மாட்டிவிட்டால் இஸ்திரி கூட வேண்டாம், அப்படியே காய்ந்துவிடும். உப்புத்தண்ணீர் வருகிற வீடானால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுங்கள், இல்லையென்றால் ஷியர் சாம்பல் பூக்கும்.

வாங்கும் அன்றைக்கு இன்னொன்றையும் கேளுங்கள்: எல்லாத் துணியும் ஒரே ரோலில் இருந்து வெட்டுகிறார்களா? ஒரே கலர் எண் என்றாலும் ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் ஷேடு லேசாக மாறும், நாலு பீஸில் ஒன்று வேறு ரோலில் இருந்து வந்தால் மேஜைமேல் தெரியாது, வெயிலுக்கு முன்னால் தொங்கும்போது அந்த ஒன்று மட்டும் தனியாகத் தெரியும். ரோலில் குறைவாக இருந்தால் புது ரோல் வரும்வரை காத்திருங்கள். ஒரு மீட்டர் கூடுதலாகவே வெட்டச் சொல்லுங்கள், கட்டும் பட்டைக்கும் குஷன் ஓரத்துக்கும் உதவும், மூன்று வருடம் கழித்து ஒரு இடம் கிழிந்தால் அதே ஷேடை வெளியில் எங்கே தேடினாலும் கிடைக்காது.